சம்பந்தியாருக்கு ஒரு துவக்கு விளக்கம்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரியவரும், முருகன் மனம் வைத்தால் வெகுவிரைவில் என் சம்பந்தியார் ஆகப்போகிறவருமான பார்க்கிங் நகர்வாசி கோபாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

இங்கே நானும் மனைவி சந்திரவதனாவும் மகன் யதுசனும் நலம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மகள் கஜந்தினியும், தங்கள் முழங்கால் நோவு நீங்கலாக, நலமாயிருக்க ஆர்ச்வே கோயில் முருகனை வேண்டுகிறோம். இதைப் போனிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் போன கிழமை தாங்கள் சந்திரவதனாவிடம், "சாதகத்தை இன்னொருக்கா வடிவாப் பாக்கவேணும் தங்கச்சி" என்று சொல்லி வைத்த பிறகு, நான் எடுத்தால் உங்கள் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை. முதலில் அச்சொட்டாகப் பொருந்திய சாதகம் இப்போது ஏன் திரும்பப் பார்க்கப்படுகிறது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. கிரகம் ஒன்றும் இடம் மாறவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் துவக்கை, அந்த நீளத் துப்பாக்கியை, பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்தான். ஆனால் தங்கள் காதுக்கு எட்டியதுபோல நான் துவக்கு யாவாரம் செய்பவன் அல்ல. நான் விற்பது மட்டன் றோல்ஸ். அதோடு ஒரு கோப்பை ரீ. இந்த இரண்டுக்கும் நடுவில் துவக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள், பிள்ளைகளின் வாழ்க்கை இதில் தொங்குகிறது. யதுசன் ஒரு கிழமையாகச் சோற்றைப் பிசைகிறானே தவிர வாயில் வைக்கிறான் இல்லை.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சந்திரவதனா பொரித்துத் தந்த றோல்ஸை ட்ரொலியில் வைத்து, எங்கள் பக்கத்துக் கொம்யூனிற்றி ஹோலின் மேல்மாடிக்குக் கொண்டுபோனேன். போனால் கீழ்வாசலில் ஒரு ஆமிக்காரன். முழு உடுப்பு, சப்பாத்து, தோளில் துவக்கு. எனக்கு மூளை நின்றுவிட்டது, ஊரில் ஆமிச் சோதனைச் சாவடிகளில் பழகிய உடம்புதான் வேலை செய்தது. ட்ரொலியை நிறுத்தினேன். தொப்பியைக் கழற்றினேன். ஐடென்ரிக்காட் என்று நினைத்துப் பஸ் பாஸை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகவே, "பாலேந்திரா, சேர். கோலியர்ஸ் வுட், சேர்" என்று ஒப்புவித்தேன். அதோடும் விட்டேனா, சோதிக்கட்டும் என்று றோல்ஸ் பெட்டியையும் திறந்து பிடித்தேன். அந்த மனிதர் பஸ் பாஸை ஆறுதலாக வாசித்துத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். ஆமிக்காரன் எங்கள் சாப்பாட்டை எடுப்பது எனக்குப் புதினமில்லை. ஆனால் இவர் கடித்த கையோடு பொக்கற்றுக்குள் மற்றக் கையை விட்டு, "ஹவ் மச்?" என்றார். சம்பந்தியார், அந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றியது.

பிறகுதான் தெரிந்தது, அவர் பெயர் டெரிக், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய காலத்து ஆமி உடுப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது அவருடைய பொழுதுபோக்கு. உள்ளே நடந்துகொண்டிருந்தது பழைய துவக்குக் கண்காட்சி. எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தியவை, போடுவதற்குத் தோட்டாவே இப்போது செய்கிறார்கள் இல்லையாம், சுவரில் மாட்டி வடிவு பார்க்கத்தான். அதை வாங்கவும் விற்கவும் வந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் டெரிக்கின் கையில் றோல்ஸைக் கண்டதும் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள். பெட்டி காலி. பிறந்தநாள் வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அதற்கடுத்த கண்காட்சியிலிருந்து, நடத்துகிற மிஸ்டர் ஹார்ட்லி எனக்கு ஒரு மூலையில் மேசையே தந்துவிட்டார்.

அந்த ஹோலுக்குள் நான் கண்டதை எப்படி எழுதுவேன்! எங்கள் சந்தையில் கத்தரிக்காய் பரப்பின மாதிரித் துவக்குகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கிழவர் ஒன்றை மடியில் வைத்து, குளிப்பாட்டின பிள்ளையைத் துடைக்கிற மாதிரித் துடைக்கிறார். இன்னொருவர் தூக்கிப் பார்க்கும்போது குழாய் தற்செயலாகப் பக்கத்தில் நின்றவரின் பக்கம் திரும்பிவிட்டது. உடனே அவர் முகம் சிவந்து, "ஓ, சொறி, சோ சொறி" என்று மன்னிப்புக் கேட்கிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணை, எங்கடை வாழ்க்கையிலை எத்தினை துவக்கு எங்கடை பக்கம் திரும்பியிருக்கும்? ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'சொறி' சொல்லியிருக்கிறானா? நான் அண்டைக்கு ரீ ஊத்துற சாட்டிலை திரும்பி நிண்டு கண்ணைத் துடைச்சன். உண்மையைச் சொன்னால், றோல்ஸ் விக்கிறதுக்காக மட்டும் நான் அங்கை போறேல்லை. துவக்குக்குப் பக்கத்திலை நிண்டும் நெஞ்சு இடிக்காத ஒரு இடம் இந்த உலகத்திலை இருக்கெண்டு பாக்கத்தான் போறனான்.

இன்னொரு புதினம். ஆறுதலுக்குக் கதைக்க வருகிற எங்கள் ஆட்கள் ஆர் வந்தாலும் டெரிக்கைக் கண்டால் அதே கூத்துத்தான். எங்கள் கோயில் கௌசிகன், பெரிய கணக்காளர், சைக்கிளில் வந்தவர், வீதி முனையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வந்து லைசென்சை நீட்டினார். டெரிக் இதைத் தமிழருடைய வந்தனை முறை என்றே நினைத்துவிட்டார். இப்போது அவரும் தன் பென்ஷன் அட்டையை எடுத்துக் காட்டி, "வணக்கம்" சொல்கிறார். எங்களுடைய பண்பாட்டைப் போல ஒன்றை உலகத்தில் காணவில்லை என்று மிஸ்டர் ஹார்ட்லியிடம் உருகினாராம். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த இடமும் இனி நிலைக்காது போலிருக்கிறது. முந்தி வீதி வரைக்கும் வரிசை நிற்குமாம். இப்போது வருகிற நாலு பேரும் துவக்கைத் தூக்கிப் பார்ப்பது, போனை எடுத்து அதே துவக்கு வேறெங்கே மலிவு என்று பார்ப்பது, "தாங்க் யூ" என்று போட்டு றோல்ஸைத் தின்றுவிட்டு நடையைக் கட்டுவது. எங்கள் பெண்டுகள் ரூட்டிங் கடைத்தெருவில் சேலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் இந்தியாவில் எடுப்பிக்கிறார்களே, அதே வியாதிதான் வெள்ளைக்காரருக்கும். மிஸ்டர் ஹார்ட்லியே இப்போது இன்ரர்நெற்றில்தான் விற்கிறாராம். வாங்கினவர்கள் கண்காட்சி நாளில் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு பார்வைகூடப் பாராமல் போய்விடுகிறார்கள். "முகத்தைப் பார்த்து விலை பேச ஒருவரும் இல்லை, பாலா" என்று அந்த மனிதர் சொன்னபோது, காசு வாங்காமல் ஒரு ரீ ஊற்றிக் கொடுத்தேன். ஹோல் வாடகையும் கட்டுப்படியாகாமல், இந்த ஞாயிறிலிருந்து வேறொரு பகுதியில் சின்னச் சேர்ச் ஹோல் ஒன்றுக்கு மாறுகிறார்கள்.

படத்தின் கதைக்கு வருகிறேன். பழைய ஹோலில் கடைசி நாள், ஒரு கிழவர் பாத்ரூமுக்குப் போகிற அவசரத்தில், "ஒரு நிமிஷம் பிடி" என்று தன் நீளத் துவக்கை என் கையில் தந்துவிட்டுப் போனார். வயதான மனிதர், நேரமாகும்தானே. மேலே யோகா வகுப்புக்கு வந்த எங்கள் கோயில் சுசிலா அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்து, "எங்கடை பாலேந்திரா அண்ணை!" என்று போட்டுவிட்டா. வேறொன்றும் எழுதவில்லை. மிச்சத்தை ஊர் எழுதிவிட்டது.

ஆகவே, தங்களைப் போன்ற ஒரு கண்ணியமான குடும்பம், துவக்கென்றால் தொலைக்காட்சியில் கண்டாலே சனலை மாற்றுகிற குடும்பம், இதைக் கேட்டு எவ்வளவு பதறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், வருகிற ஞாயிறுதான் கடைசி. மிஸ்டர் ஹார்ட்லிக்கு வாக்குக் கொடுத்த றோல்ஸைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டேன். மனம் நோகத்தான் செய்யும். என்றாலும் எனக்கு ஒரு மகன்தானே. தாங்கள் பெரிய மனது பண்ணிச் சாதகத்தை மடித்து வைத்துவிட்டு, நாளைக் குறிக்க வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. மருமகள் என்று எழுதக் கை துடிக்கிறது, உத்தரவில்லாமல் எழுதமாட்டேன், கஜந்தினிக்கு எங்கள் ஆசி.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. பாலேந்திரா

பி.கு: ஞாயிறு மத்தியானம், சேர்ச் ஹோல் சமையல் குசினிக்குள் இருந்து எழுதுறன். போற வழியிலை தபாலிலை போடுவமெண்டு கடிதத்தைக் கையோடை கொண்டு வந்தனான். நல்ல காலம், இன்னும் போடேல்லை.

சற்று முந்தி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தைச் சுத்தி மப்ளருமாய் ஒருத்தர் வாசலுக்கு வந்தார். இன்ரர்நெற்றிலை வாங்கின பெட்டியை எடுக்க வந்த வெள்ளைக்காரர் ஆக்குமெண்டு நான் பேசாமல் ரீ ஊத்தினன். அவர் டெரிக்கைக் கண்டார். கண்டதும் தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றினார். லைசென்சை ரெண்டு கையாலும் நீட்டிப் பையையும் திறந்து பிடிச்சுக்கொண்டு, "கோபாலகிருஷ்ணன், சேர். பார்க்கிங், சேர்" எண்டார். டெரிக் வணக்கம் சொன்னார்.

பயப்படாதேங்கோ சம்பந்தியார். நான் குசினி யன்னலுக்குக் கீழை குந்தியிட்டன், நீங்கள் என்னைக் காணேல்லை. மிஸ்டர் ஹார்ட்லி பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்துத் தரேக்கை குழாய் உங்கடை பக்கம் திரும்பினதும், அவர் "சோ சொறி" எண்டதும், நீங்கள் அப்பிடியே சிலையாய் நிண்டதும், பிறகு மப்ளராலை கண்ணைத் துடைச்சதும் நான் கண்டனான். அதுக்குப் பிறகு எனக்குக் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. என்ரை வீட்டு ஆள் ஒருத்தரைக் கண்ட மாதிரி இருந்தது.

மேலை எழுதின ஆணையையும் வாக்கையும் வெட்டினதாய் நினையுங்கோ. நான் அடுத்த முறையும் வருவன், நீங்களும் ஒளிக்காமல் வாங்கோ, றோல்ஸ் எடுத்து வைக்கிறன். நாளைக் குறியுங்கோ. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தத் துவக்கை வாசலைப் பாத்தபடி மாட்டிப்போடாதேங்கோ. நிச்சயார்த்தத்துக்கு எங்கடை ஆக்கள் எல்லாரும் ஒண்டாய் உள்ளுக்கு வருவினம். கண்ட உடனை கையை மேலை தூக்கியிடுவினம், பிறகு தட்டங்களை ஆர் பிடிக்கிறது?