ஊர்ல போயிப் பாத்துக்கிடலாம்

மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுகளில் பரவிய உயிரினங்களில் புள்ளிமான், ஆப்பிரிக்க நத்தை ஆகியவற்றைப் பற்றி அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். 'பாத்துக்கிடலாம்' இனத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது.

எப்படி அடையாளம் காண்பது? வந்து வருஷக்கணக்கானாலும், இப்போதுதான் கப்பல்துறையில் இறங்கியதுபோல டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து சோறு தின்னும். அதுதான்.

மரைன் ஹில் சரிவில் லைன் வீட்டில் குடியிருக்கும் மணப்பாட்டு அல்போன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் பட்டறையில் தச்சர். படாக் மரத்தில் ஊருக்கெல்லாம் கட்டில் செய்து கொடுத்துவிட்டுத் தம் வீட்டில் பாயில் படுப்பவர். பல் வலிக்கிறதா? ஊர்ல போயிப் புடுங்கிக்கிடலாம். மூக்குக்கண்ணாடி ஒடிந்ததா? நூலைக் கட்டு, ஊர்ல போயி மாத்திக்கிடலாம். வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றலாமென்று மனைவி சூசைமேரி கேட்டதற்கு, "அது காய்க்கதுக்குள்ள நாம ஊர்ல இருப்போம்ட்டி" என்றார். பக்கத்து வீட்டில் அன்று ஊன்றிய முருங்கையின் காய்தான் இன்று இவர் வீட்டுக் குழம்பில் கிடக்கிறது. சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார். இந்த இனத்துக்கு வெட்கம் கிடையாது.

ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை? லீவு கிடைத்த வருஷம் கப்பல் டிக்கெட் கிடைக்காது. டிக்கெட் கிடைத்த வருஷம் லீவு கிடைக்காது.

கோயிலிலும் இதே விரதம்தான். ராஞ்சிக்காரர்கள் மேளம் தட்டி இந்தியில் பாட, வங்காளிகளும் மலையாளிகளும் தெரிந்தவரைக்கும் வாயசைக்க, அல்போன்ஸ் மட்டும் தொண்டையை ஊருக்காகப் பத்திரப்படுத்திக்கொண்டு நிற்பார். பாவசங்கீர்த்தனமா? கோவாக்காரச் சாமியாருக்குத் தமிழ் தெரியாது. "நாம செஞ்சது தமிழ்ப் பாவம். அத இந்தியில சொன்னா பாதி மன்னிப்புதான் கிடைக்கும்." ஆகவே பாவங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார், மணப்பாட்டுக்குக் கொண்டுபோக. லக்கேஜ் கட்டணம் இல்லாத சரக்கு அது ஒன்றுதான்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் பிள்ளையின் ஞானஸ்நானத்தையும் அந்த மூட்டையிலே கட்டி வைத்தாரே, அது சூசைமேரிக்குச் சிரிப்பாக இல்லை. பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிட்டது, பெயரில்லை. ராஞ்சி வீட்டில் பாபு, வங்காளி வீட்டில் கோகா, மலையாள நர்ஸுக்கு மோன். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தது.

"கேக்கியளா, பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஞானஸ்நானம் இல்லன்னு கல்லறையில வேலிக்கு வெளியல்லா வைப்பாவ?"

"வாயக் கழுவுட்டி. மணப்பாட்டுக் கோயில்ல, எங்க அண்ணன் ஞானத்தகப்பனா நிக்க, கொட்டு மேளத்தோட பேரு வைப்போம். ஊர்ல போயிப் பாத்துக்கிடலாம்."

மழைக்காலத்தில் ஒருநாள், அல்போன்ஸ் பட்டறைக்குப் போயிருந்த நேரம், பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. சூசைமேரி பக்கத்து வீட்டுச் சலோமியைக் கூப்பிட்டாள். சலோமி ராஞ்சிக்காரி, உபதேசியார் மகள். சாகக்கிடக்கிற பிள்ளைக்குச் சாமியாரை எதிர்பார்க்க வேண்டாம், விசுவாசமுள்ள எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற திருச்சபைச் சட்டம் அவளுக்கு மனப்பாடம்.

"ஜுகாம் ஹை," என்றாள் சலோமி, பிள்ளையின் மூக்கைத் துடைத்து. வெறும் ஜலதோஷம்.

"படா ஜுகாம், தீதி. மர் ஜாயகா," என்றாள் சூசைமேரி, கண்ணைக்கூட இமைக்காமல். பெரிய ஜலதோஷமாம், செத்துப்போகுமாம்.

சலோமி பிள்ளையைப் பார்த்தாள். அது வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. பிறகு தாயைப் பார்த்தாள்.

"ஹாங்," என்றாள். "பஹுத் படா ஜுகாம்." ஆமாம், ரொம்பப் பெரிய ஜலதோஷம். செம்பை எடுத்தாள். "நாம் க்யா?" பெயரைக் கேட்டாள்.

"மிக்கேல்."

பிதா, புத்ர், பவித்ர ஆத்மா. குடத்துத் தண்ணீர், மூன்று தடவை. பிள்ளை அலறியது. முடிந்தது.

சாயங்காலம் விஷயமறிந்த அல்போன்ஸ் மழையில் நனைந்துகொண்டு சாமியார் பங்களாவுக்கு ஓடினார். பாவத்துக்கு ஆகாத இந்தியிலேயே பேச்சு நடந்தது.

"ஃபாதர், அது கணக்கில்ல! சளிதான் ஃபாதர்! ஊர்ல போயி முறையா இன்னொரு தரம்..."

"தூஸ்ரா பார்?" இன்னொரு தடவையா என்று சாமியார் சிரித்தார். "ஒருத்தன் ரெண்டு தடவை பிறக்க முடியுமா, அல்போன்ஸ்? ஹோ கயா. ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க, எண்ணெய் பூசி மிச்சத்த முடிச்சிடலாம்."

அந்த 'ஹோ கயா'வை அல்போன்ஸ் வீடுவரை தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் வாழ்க்கையில் இந்தத் தீவில் முதன்முதலாக ஒரு காரியம் முடிந்தே போயிருந்தது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? கொட்டு மேளத்துக்கு? வாசலில் பிள்ளை சேற்றை அளைந்துகொண்டிருந்தது.

"மிக்கேலு," என்றார், சற்றுக் கூச்சத்தோடு.

பிள்ளை திரும்பவில்லை.

"ஏலே மிக்கேலு!"

"மிக்கேல் பாபு," என்று அடுத்த வாசலிலிருந்து சலோமி ஒரு குரல் கொடுத்தாள். திரும்பிவிட்டது, திரும்பி, அவளைப் பார்த்துச் சிரித்தது. அல்போன்ஸ் சேற்றிலேயே குந்திக்கொண்டு, இன்னொரு தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பழகலானார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நியாயம்தான், நீங்கள் அந்த இனமில்லை. லீவு வரட்டும், ஊர் போய்ச் சேரட்டும் என்று நீங்கள் எதையும் கட்டி வைத்திருக்கவில்லை, அல்லவா? ஒருவேளை வைத்திருந்தால் பக்கத்து வீட்டை எட்டிப் பாருங்கள். அங்கே ஒருத்தி கையில் செம்போடு நிற்பாள்.