சேவல் களவு போன இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது

தங்கையாவைத் திருடன் என்று நிரூபித்த பிறகுதான் இனித் தேத்தண்ணி குடிப்பேன் என்று சபதம் எடுத்தேன். அது காலை ஏழு மணி. ஏழரைக்குக் குடித்துவிட்டேன். கேமரன் மலைக் குளிர் அப்படி. ஆனால் திருடனை விடவில்லை.

விஷயம் இதுதான். என் சேவலைக் காணோம்.

தங்கையா எனக்கு அடுத்த வீடு. தேயிலைத் தோட்டத்து லயம், வரிசை வீடுகள்; நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவனோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில், என் கூடைக்குள் கல் இருப்பதாகக் கங்காணியிடம் சொன்னவன் அவன். கல் இருந்தது உண்மைதான். அதை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அவன் மகளுக்குக் குழந்தை பிறந்தது. என் மனைவி இராசம்மா கேட்டாள்: "பிள்ளை பெத்தவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வச்சுக் குடுக்கணும். நம்ம சேவலைக் குடுத்துடுவோமாங்க?"

"அந்த வீட்டுக்கு ஒரு இறகுகூடப் போகக் கூடாது!"

சனிக்கிழமை காலையில் சேவல் கூண்டு காலி. பக்கத்துக் கூண்டில் பெட்டைக் கோழி இரண்டும் பத்திரம். நான் கத்தியது பலகைச் சுவர் வழியே கேட்டிருக்கும்; கொடுக்காததைத் திருடத்தானே செய்வான்?

வேறு ஆளாக இருந்தால் கத்திச் சண்டை போட்டிருப்பான். எனக்குத் துப்பறியும் முறை தெரியும். போன வருஷம், எழுபத்தெட்டில், எஸ்டேட் ஆபீசில் டைப்ரைட்டர் களவு போனது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள், கூட்டத்தைத் தடுக்க என்னைக் கயிறு பிடிக்க வைத்தார்கள். நாள் முழுக்கப் பிடித்தேன். கை கயிற்றில், கண் அவர்கள் வேலையில். டைப்ரைட்டர் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் முறை நல்ல முறை.

முதல் வேலை, இடத்தைக் காப்பது. துணிக்கொடியை அவிழ்த்துக் கூண்டைச் சுற்றிக் கட்டினேன். கயிறு நீளமாக இருந்ததால் பின்வாசல் முழுக்கச் சுற்றிவிட்டேன்.

"ஏங்க, கக்கூசு அந்தப் பக்கம் இருக்குலா!"

"தடயம் அழிஞ்சிடும். யாரும் கால் வைக்கக் கூடாது."

"சரி, நான் வைக்கல. நீங்க எப்படிப் போவீங்க?"

அரை மணி நேரத்தில் கயிற்றின் ஒரு பக்கத்தை நானே அவிழ்த்தேன்.

அடுத்தது கைரேகை. இராசம்மாவின் முகப்பவுடரைக் கூண்டுக் கதவில் தட்டினேன். மூடுபனியில் கதவு நனைந்திருந்தது. பவுடர் பசையாகிவிட்டது. ரேகை ஒன்றும் தெரியவில்லை. கூண்டுதான் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

ஆனால் சேற்றில் பூட்ஸ் தடம்! நூல் வைத்து அளந்தேன். தங்கையா வாசலில் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் பூட்ஸையும் அளந்தேன்.

"எட்டாம் நம்பர்! அவன்தான்!"

"உங்க பூட்ஸும் எட்டுதானே?"

"அப்போ என் சேவலை நானே திருடினேனா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே விசாரிக்கிறீங்க."

இந்த எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு எட்டாம் நம்பர்தான் கொடுத்திருக்கிறார்கள். மழை என்றால் இராசம்மாவே என் பூட்ஸைத்தான் மாட்டிக்கொண்டு வெளியே போவாள். அதையெல்லாம் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மூன்று இறகு, ஒரு துண்டுச் சணல், தடத்தை அளந்த நூல். எல்லாவற்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டேன். பிளாஸ்டிக்கில் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்று அன்றைக்கு ஒரு போலீஸ்காரர் சொன்னது காதில் விழுந்திருந்தது.

கடைசி வேலைதான் முக்கியம். தடயம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்து இல்லாத தடயம் குப்பை. நான் எஸ்டேட் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கொழுந்து முற்றிவிடும். இராசம்மா ஆறு வரைக்கும் படித்தவள்.

"நான் எழுதறேங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

பைகள் அவளுடைய அரிசி டின்னில் பத்திரமாக இருந்தன. நான் பார்க்க எடுத்தால் ஒரு தாள். திருப்பி வைத்தால் ஒரு தாள். ஆசை தாங்காமல் ஏழெட்டுத் தடவை எடுத்தேன். கை வலிக்கக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மிளகுச் சாறு வாசனை வந்தது. கோழி. என் கோழி!

"இராசம்மா, இதுவும் தடயம்தான்! வாசனையை எந்தப் பையில போடுறது?"

"அதையும் எழுதிடறேன். இந்தாங்க, இதுலயும் இதுலயும் போடுங்க."

போட்டேன்.

திங்கட்கிழமை, வேலைக்கு ஆள் பிரித்து முடிந்ததும், பைகளையும் தாள்களையும் ஆபீஸ் வாசலில் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி அமல்தாஸ் மேசைமேல் அடுக்கினேன். நாற்பது பேர் நின்றார்கள். தங்கையாவும் நின்றான். பதினோரு வருஷக் கல்லை இன்றைக்கு அவன் தலையில் போடப் போகிறேன்.

"ஐயா, சத்தமாப் படிங்க. எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு."

கிராணி தாள்களைப் புரட்டினார். ஒன்றில் நின்றார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். படித்தார்.

"'என் சேவலைத் தங்கையா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மனமுவந்து கொடுத்தேன். என் மனைவி கையால் கொடுத்தனுப்பினேன். இப்படிக்கு வேலப்பன்.'"

இராசம்மா பக்கம் திரும்பினேன். அவள் கூடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே, இது நான் சொன்னதில்லையே!"

"சொன்னதுக்கு ஏதுங்க சாட்சி? எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னு நீங்கதானே சொன்னீங்க."

"படிக்காமலா கையெழுத்துப் போட்டே, வேலப்பா?" என்றார் கிராணி.

நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் மானம் போகும். இல்லை என்றால் சேவல் போகும். சேவல் ஏற்கெனவே சாறாகிவிட்டது.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றேன்.

தங்கையா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உன் வீட்டுக்காரி அப்பவே சொல்லுச்சு மச்சான், நீதான் குடுத்தனுப்பினேன்னு. எனக்குத்தான் நம்பிக்கை வரல." அவன் கண் கலங்கியிருந்தது. பதினோரு வருஷப் பகை, கையிலிருந்த வெறும் இறகாய்ப் பறந்துவிட்டது.

நான் நழுவப் பார்த்தேன்.

"இரு, இன்னொரு தாள் இருக்கு" என்றார் கிராணி. "பதினாறாம் நாள் விருந்துக்கு உன் ரெண்டு பெட்டைக் கோழியையும் நீயே உரிச்சுக் குடுக்கிறதாப் போட்டிருக்கு. இதையும் படிச்சுட்டுத்தானே போட்டே?"

பதினாறாம் நாள் இரண்டையும் நானே உரித்தேன்; தங்கையா பக்கத்தில் குந்திக்கொண்டு, "மச்சான், உன்னை மாதிரி யாரும் உரிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.