கஞ்சி போட்ட ஜெர்சி

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மிக்சரைக் கொறிப்பார்கள், உத்தியோகத்தை விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். என்னைப் பார்க்க வந்த மனிதர் நேரே கால்பந்து மைதானத்துக்கு வந்துவிட்டார். அன்று நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி இருந்தது. மில் முதலாளி ஒருவர் ஆசைப்பட்டு நடத்தினார். (ஆசை தீர்ந்ததும் இழுத்து மூடிவிட்டார்.) அதில் எனக்குக் கிட் மேனேஜர் உத்தியோகம். பேரைக் கேட்டால் கோட்டும் டையும் கண்ணில் வரும். வேலை என்னவோ, ஆட்டக்காரர்களின் ஜெர்சி, டிரவுசர், காலுறை எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டு மடித்து, ஆட்டத்தன்று அவரவர் எண் பார்த்து எடுத்து வைப்பது. பி.காம். படித்துவிட்டு ஊரான் வியர்வையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அதுபோல ஒரு வேலை அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் வேனில் ஏறி ஆற்றுக்குக் குளிக்கப் போவோம். எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் தாமிரபரணியில் முங்கி எழுந்து, அவரவர் பாஷையில் பாடுவார்கள். ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம். சமையல்காரர், டிரைவர், நான், ஆபீஸ்காரர்கள் மறுபக்கம். எங்கள்மேல் இரக்கப்பட்டு அவர்கள் ரப்பர் செருப்போடு ஆடுவார்கள். அப்படியும் நாங்கள் தோற்போம். சம்பளமும் கொடுத்து விளையாடவும் விட்ட அந்த முதலாளி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வீட்டில் மட்டும் என் வேலையைப் பற்றிப் பாதிதான் சொல்லியிருந்தேன். அதில் "மேனேஜர்" என்ற சொல்லை உம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேலப்பாளையம் முழுக்கத் தன் மகன் செய்யது மேனேஜர் என்று பரப்பிவிட்டாள். அதை நம்பித்தான் பீர்முகம்மது மாமா வீட்டில், அவர் மகள் ஜன்னத்துக்கு என்னைப் பேசினார்கள். ஜன்னத்தை ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். சிரித்துக்கொண்டே கடந்து போனாள், அவ்வளவுதான். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே மனசுக்குள் நிய்யத்து வைத்துவிட்டேன்.

மாமா பாதி ஆயுசை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்தவர். அங்கே பிடித்த பந்தாட்டப் பைத்தியம் ஊருக்கு வந்த பிறகும் தெளியவில்லை. மேனேஜரின் அணியை ஒரு தடவை பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி, எங்கள் மைதானத்தில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்கு வருவதாகத் தகவல் அனுப்பினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அணி ஜெயிப்பது என் கையில் இல்லை. ஆனால் சட்டை என் கையில் இருக்கிறதே! நாங்கள் நெசவுக் குடும்பம். கஞ்சி போடாத நூல் எங்கள் வீட்டுத் தறியில் ஏறினதில்லை. பெருநாளைக்கு வாப்பா உடுத்தும் வேட்டியைத் தரையில் வைத்தால் தானாக நிற்கும். கஞ்சி போட்டால்தான் துணிக்கு மரியாதை என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய சமாச்சாரம். (ஜெர்சித் துணியான பாலியெஸ்டர் கஞ்சியைக் குடிக்காது, மேலே பூசிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் என்பது பி.காம். பாடத்தில் வரவில்லை.)

வடிகஞ்சியில் விறைப்புப் போதாதென்று மைதாவையும் கரைத்து ஊற்றினேன். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அதைத்தான் கரைக்கிறார்கள் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. காயவைத்து, பைய இஸ்திரி போட்டு, நீல ஜெர்சிகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் நுழைத்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. கோல்கீப்பரின் முழுக்கைச் சட்டைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருந்தேன். மாமா உட்காரப்போகும் பக்கம் அவன்தான் நிற்பான்.

ஆட்டத்தன்று உறையைப் பிரித்து முதலில் தலையை நுழைத்தவர் கேப்டன் அந்தோணி. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கையைத் தூக்கினார். இறக்கிய பிறகும் சட்டைக் கை தூக்கினபடியே நின்றது.

"ஏலே செய்யது, சட்டைன்னு தந்தியா, தகரம்னு தந்தியா?"

பதில் சொல்வதற்குள் நடுவர் விசிலடித்துக் கூப்பிட்டுவிட்டார். முதல் சில நிமிடங்கள் அமோகம். மடிப்புக் கலையாமல் பதினொரு பேரும் ஓடினார்கள். கேலரியில் பீர்முகம்மது மாமா வெள்ளையும் சொள்ளையுமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்புறம் வியர்த்தது. கஞ்சி இளகி அரிப்பு எடுத்துவிட்டது. அந்தோணி பந்தை விட்டுவிட்டு முதுகைச் சொறிந்த நேரத்தில் எதிரணி முதல் கோலைப் போட்டது. அடுத்த பந்து உயரமாக வந்தது. கோல்கீப்பர் கையைத் தூக்கினான். கை தோள்வரைதான் போயிற்று. பந்து உள்ளே போன பிறகு அவன் பந்தைப் பார்க்கவில்லை. முழங்கையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து சாரல் வந்து இறங்கியது. நீலச் சட்டைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக வழிந்து முழங்காலில் சொட்டியது. டிரவுசர் தொடையோடு ஒட்டிக்கொண்டது. எதிரணிக்காரர்கள், மேலே பட்டால் பசை பிடித்துக்கொள்ளும் என்று ஒதுங்கி ஓடினார்கள். கேலரியில் ஒருவர் எழுந்து நிதானமாகச் சொன்னார்: "கஞ்சி ரெடி. ஊறுகா கொண்டாங்கவே." மைதானமே சிரித்தது.

இடைவேளையில் கோச் மாற்று ஜெர்சியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். உறையைப் பிரித்தார். அதுவும் நொறுங்கியது. (பாதி வேலை செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.) கோச் மலையாளத்தில் என்னைப் பற்றி ஏதோ சொன்னார். பாதி புரியவில்லை. புரிந்த பாதி எழுதத் தக்கதல்ல.

இனி அலசுவது ஒன்றுதான் வழி. தண்ணீர்க் குழாயோ கேலரிக்கு நேர் கீழே இருந்தது. வாளியை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜெர்சி ஜெர்சியாக அலசிப் பிழிந்தேன். சட்டையில்லாமல் முழு அணியும் என்னைச் சுற்றி நின்று, தெரிந்த பாஷையிலெல்லாம் திட்டியது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். மாமா கம்பியில் சாய்ந்து, தாடையில் கைவைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கையில் யாருடையதோ டிரவுசர். ஜன்னத் நமக்கில்லை என்று தெரிந்துபோயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழையில் யாருக்கும் அது தெரியவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று கேட்காதீர்கள். மாமா அதற்குள் எழுந்து போயிருந்தார். நான் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தோணி வந்து என் தோளில் கை போட்டு, "சரி விடு லே. வா, ஆத்துக்குப் போவோம்" என்றார். போனோம். மிச்சக் கஞ்சியை ஆற்றில் கரைத்தோம். மீன்கள் கூட்டமாக வந்து எல்லோர் காலையும் கடித்தன. அன்றைக்கு அவற்றுக்குத்தான் பெருநாள். திட்டின வாயெல்லாம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பையன்கள் இப்போது எந்தெந்த ஊரில் எந்தெந்த வேலையில் இருக்கிறார்களோ. நான் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அந்தோணி மட்டும் எப்போதாவது போன் செய்து, கடையில் விறைப்பான சட்டை இருக்கிறதா என்று கேட்பார்.

வீட்டில் உம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மேலப்பாளையத்தில் மேனேஜர் என்ற பேச்சே நின்றது. ஒரு வாரம் கழித்து, யாரும் எதிர்பாராமல், மாமா வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிக்காஹ் முடிகிறவரை யாரிடமும் காரணம் கேட்கவும் தைரியமில்லை.

காரணத்தை ஜன்னத்தே ஒருநாள் சொன்னாள். கல்யாணமாகி முதல் மாதம், சோற்றில் உப்பு குறைவு என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் ஆரம்பித்தவள் சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும்வரை நிறுத்தவில்லை. பேசிக் களைத்த பிறகு, அவளே சிரித்து, அன்று மைதானத்திலிருந்து வந்த மாமா அவள் உம்மாவிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்:

"அத்தன பேரும் சுத்தி நின்னு வையுதானுவோ. பையன் ஒத்த வார்த்த எதுத்துப் பேசல. தலையக் குனிஞ்சு பிழிஞ்சுக்கிட்டே இருக்கான். நம்ம ஜன்னத்து வாய்க்கு இவன விட்டா வேற மாப்பிள்ள கெடைக்க மாட்டான். ஒடனே பேசி முடி."

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவள் தேநீர் கொடுக்கிறாள். சொல்லச் சொல்ல, அன்று விழுந்த கோல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. நான் எதிர்த்துப் பேசுவதில்லை.