கோட்டுப் போட்ட நிறுவனர்

டிசைனர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை மட்டும் நம்பாதீர்கள். துபாயிலிருந்து வராத மாமாவும் அதில் பந்தியில் உட்கார்ந்திருப்பார். இல்லாத ஆளைப் படத்தில் சேர்க்கும் அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. (என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.)

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராஃபிக் டிசைனர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் சேர எனக்கு வெறி. சொந்தக் கடை இருந்தால்தான் உறுப்பினர் என்றார்கள். நானோ செல்லிப்பட்டில், வீட்டு நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்து மஞ்சள் நீராட்டு பேனர் செய்துகொண்டிருந்தவள்.

அப்போதுதான் ஆண்டு விழா வந்தது. சங்க வரலாற்றை ஒரே ஃபிளெக்ஸில் கொண்டுவரச் சொன்னார் தலைவர் கதிரேசன் அண்ணன்.

"நல்லா பண்ணு. மெம்பர் விசயம் அப்பால பாக்கலாம்."

சந்தோஷத்தில் அன்று குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சிக்கல் என்னவென்றால், டீக்கடையில் நடந்த முதல் கூட்டத்துக்குப் படமே இல்லை. ஊர் விசேஷத்தையெல்லாம் படமாக்கியவர்கள் தங்களை எடுக்க மறந்திருந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் ஒன்றை நீயே உண்டாக்கிவிடு என்றார் அண்ணன். பேனருக்கு வைத்திருந்த தலையில்லாத கோட்டு சூட்டு உடம்புகளை டீக்கடை முன்னால் வரிசையாக நிறுத்தி, அன்றைக்கு வந்தவர்களின் தலைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கழுத்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்க, நடு உடம்பில் என் கல்யாணப் படத்துத் தலையை வைத்தேன். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எடுக்க மறந்தே போனேன்.

மண்டபத்தில் ஃபிளெக்ஸ் விரிந்தது. நட்டநடுவில் நீலக் கோட்டு, சிவப்பு டை, தலை நிறைய மல்லிகைப்பூவோடு நான்! பக்கத்திலிருந்த என் கணவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, டை நன்றாயிருக்கிறது என்றார். மெம்பர் ஆசை அதோடு போச்சு என்று செருப்பைத் தேடினேன்.

முதல் கூட்டத்தில் இருந்த மூத்த உறுப்பினர் இஸ்மாயில் பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னாபா கதிரேசா, அன்னிக்கு இந்தப் பொண்ணும் இருந்துச்சா?"

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. நான் இருந்தது பொய் என்றால் படமே பொய்யாகிவிடும். என்னை முறைத்தார், ஃபிளெக்ஸை முறைத்தார்.

"இருந்துச்சே பாய். டீயே அதான வாங்கினு வந்துச்சு."

பாய் ஃபிளெக்ஸை இன்னொரு தடவை பார்த்துத் தலையாட்டினார்.

"ஆமா ஆமா, சக்கர கம்மியா இருந்துச்சு. அந்தக் கோட்டுகூட இப்ப எனக்குப் பத்தல."

ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நிறுவனர்களை மேடைக்கு அழைத்தபோது என் பெயரும் மைக்கில் கேட்டது. நிறுவனருக்குக் கடை எதற்கு? ஓடினேன், கால் தரையில் பாவவில்லை!

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் குரூப் போட்டோ என்றால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கணவர் முந்திக்கொள்வார்: "நடுவுல ஒரு எடம் வுட்டு எடுங்கபா, அவ தானா வந்துடுவா."