அசலுடன் ஒப்பிடப்பட்டது

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கைகூப்பித் தொழ வேண்டிய கண்டுபிடிப்பு ஜெராக்ஸ்தான் என்பது, ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் சந்திரமோகன் அவர்களின் தீர்க்கமான முடிவு. நெருப்பு சுடும். சக்கரம் பஞ்சராகும். சான்றொப்பமிட்ட நகல் மட்டும் யாரையும் எந்தக் காலத்திலும் கைவிட்டதில்லை. முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணியில் அவர் கண்டடைந்த இந்தப் பேருண்மை, நல்லம்பள்ளியிலிருந்து கிளம்பி இந்திய நேபாள எல்லை வரை போய்ச் சேர்ந்த வரலாற்றைத்தான் இங்கே பயபக்தியோடு எழுதுகிறோம்.

அவருடைய தத்துவம் எளிமையானது. தங்க நகை பீரோவில், கவரிங் கழுத்தில். அடையாள அட்டைக்கும் அதே நீதி. அசல் வீட்டில் இருக்க வேண்டும். நகல் ஊர் சுற்ற வேண்டும். பொதுமக்களிடம் மட்டும் அவர் அசல் கேட்பார். கேட்டு வாங்கி, ‘பரிசீலனைக்கு’ உள்ளே வைப்பார். சில அசல்கள் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. எந்த அலுவலகம் என்று சொல்வது நாகரிகம் அல்ல.

போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சுற்றுலாக் குழுவின் கூட்டம் நடந்தது. காசி, கயா, அப்படியே நேபாளம் போய் பசுபதிநாதர், முக்திநாதர். பயணிகள் சந்திரமோகனையும் சேர்த்துப் பதினான்கு பேர். அழைத்துப் போகிறவர் இண்டூர் தமிழ்மணி. வருஷத்துக்கு நாலு தடவை வடக்கே போய் வருகிறவர், இந்தியும் பேசுவார். அவர் எழுந்து விஷயத்தைச் சொன்னார்.

“நேபாளம் வேற நாடுங்க. ஆதார் பத்தாதுங்க. பாஸ்போர்ட்டு, இல்லாட்டி ஓட்டர் கார்டு, ரெண்டுல ஒண்ணு ஒரிஜினல் கையில இருக்கணும். அறுவத்தஞ்சு தாண்டினவங்களுக்கு மட்டும் போட்டோ போட்ட வேற அட்டை இருந்தாலும் உடுவாங்க.”

பாஸ்போர்ட் யாரிடமும் இல்லை. எல்லோரிடமும் ஓட்டர் கார்டு இருந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். சந்திரமோகன் எழுந்து நின்றார்.

“தம்பி, அவசரப்படாதீங்க. ஒரிஜினல் வழியில தொலஞ்சு போனா யாரு பொறுப்பு?”

“அவங்கவங்கதாங்க.”

“இதுக்குப் பேருதான் நிர்வாகச் சீர்கேடு.”

அடுத்த பத்து நிமிடத்தில் ‘ஆவணப் பாதுகாப்பு உபகுழு’ அமைந்தது. தலைவர், செயலாளர், உறுப்பினர் ஆகிய மூவரும் சந்திரமோகனே. எல்லோரும் தங்கள் ஓட்டர் கார்டை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் வீட்டு இரும்பு பீரோவில் அவை பத்திரமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் கலர் நகல் ஒன்று, லேமினேஷன் செய்து, அவர் கையெழுத்தோடும் முத்திரையோடும் வழங்கப்படும்.

“சார், இது அங்க செல்லாதுங்க” என்றார் தமிழ்மணி.

“நான் பேசிக்கறேன்.”

சந்திரமோகனின் பக்கத்து வீட்டு லூர்துமேரி, ஓய்வுபெற்ற நர்ஸ், கை தூக்கினார். முக்திநாதரோடு அவருக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. சாவதற்கு முன் பனியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சேர்ந்தவர்.

“கார்டு வாங்கினதுக்கு ரசீது தருவீங்களா சார்?”

“ரசீது எதுக்கும்மா? நானே இருக்கறேனே.”

லூர்துமேரி கையை இறக்கிக்கொண்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. யாரும் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது சந்திரமோகனின் நிர்வாக முறை.

இரண்டே நாளில் பதின்மூன்று கவர்கள் வந்து சேர்ந்தன. முணுமுணுப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. மனைவி சசிகலாகூட, வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, கவரில் போட்டு மேலே பெயர் எழுதிக் கொடுத்தார். பொதுமக்கள் தன்மேல் வைத்த நம்பிக்கையை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து, ‘அசலுடன் ஒப்பிடப்பட்டது, சரி’ என்று முத்திரை குத்தினார். அடியில் ‘துணை வட்டாட்சியர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ‘ஓய்வு’ என்பது எறும்பு அளவில். அசல்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

இந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு சொந்தக் கடமையும் இருந்தது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் சசிகலாவை அவர் கூட்டிப்போன அதிகபட்சத் தூரம் ஒகேனக்கல். அதுவும் வெள்ளச் சேதம் பார்க்கப் போன ஆபீஸ் ஜீப்பில். முக்திநாதர் கோயிலில் நூற்றெட்டு நீர்த்தாரை கொட்டுகிறதாம், அதில் இரண்டு பேரும் சேர்ந்து நனைய வேண்டும் என்று சசிகலா கேட்டார். ‘ஆவன செய்கிறேன்’ என்று சொல்லாமல் ‘சரி’ என்று சொன்னார் சந்திரமோகன். வாழ்க்கையில் முதல்முறை. அதை நிறைவேற்ற வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. ரயிலில் இரண்டு ராத்திரியும் சசிகலாவுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தார்.

காசி முடிந்தது, கயா முடிந்தது. கோரக்பூரிலிருந்து வேனில் சோனௌலி எல்லைக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாலையின் குறுக்கே தோரண வளைவு, அந்தப் பக்கம் நேபாளம். இந்தப் பக்கம் லாரி வரிசை, சைக்கிள் ரிக்‌ஷா, வாழைப்பழ வண்டி. தாண்டியதும் பொக்காரா போக இரண்டு ஜீப் காத்திருக்கிறது. மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் அவை வேறு சவாரிக்குப் போய்விடும். சோதனைச் சாவடியில் ஓர் இளம் அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொருவர் அட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரமோகன் ஃபைலோடு வரிசையின் முதலில் நின்றார். தமிழ்மணி மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

அதிகாரி நகலைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இது என்னன்னு கேக்கறாருங்க.”

“உண்மை நகல்னு சொல்லுங்க.”

“ஜெராக்ஸுன்னுதாங்க இந்தியில வருது.”

“சீலைக் காட்டுங்க.”

“காட்டிட்டேங்க. என்ன மொழின்னு கேக்கறாரு.”

“ஆட்சிமொழின்னு சொல்லுங்க.”

அதிகாரி தலையைச் சொறிந்தார். கையெழுத்தின்மேல் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

“கையெழுத்து யாருதுங்கறாரு.”

“என்னுது.”

“கார்டு யாருதுங்கறாரு.”

“அதுவும் என்னுதுதான்.”

“அப்ப நீங்கதான் நீங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களான்னு கேக்கறாருங்க.”

“சுயசான்றொப்பம்! நம்ம நாடு பூராவும் செல்லும்!”

தமிழ்மணி அதைச் சொல்லி, பதிலைக் கேட்டு, தயங்கினார். “நம்ம நாடு இங்கதான் முடியுதுங்களாம் சார்.”

பின்னால் நின்ற ரிக்‌ஷாக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார். அதிகாரி நல்ல மனிதர்தான். ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வயதைக் கேட்டார். அறுபத்திரண்டு என்றதும் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் மூன்று வருஷம் கழித்து வந்தால் ரேஷன் கார்டைக் காட்டிக்கூடப் போகலாமாம். இப்போதைக்கு ஒரிஜினலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ‘போய் ஒரிஜினலை எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்ற வாக்கியத்தைச் சந்திரமோகன் தன் பணிக்காலத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கேட்பது இதுவே முதல்முறை. அது இவ்வளவு தூரம் திரும்பிப் போகச் சொல்கிற வாக்கியம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வரிசையை விட்டு விலகி, திரும்பிப் பார்த்தார். பதின்மூன்று முகங்கள். மூட்டை முடிச்சோடு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்குமேல் சுற்றி வந்த முகங்கள். அரசுக் கோப்புகளில் தவறு எப்போதும் தானாகவே ‘நேர்ந்துவிடும்’, யாரும் செய்வதில்லை. அந்த மரபை அன்று அவர் உடைத்தார்.

“யாருமே போக முடியாது போலிருக்குது. ஒரிஜினல் எல்லாம் என் பீரோவுல இருக்குது. சாவி என் இடுப்புல இருக்குது. தப்பு என்னுதுதான். என்னை மன்னிச்சிடுங்க.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது துக்கம் என்று அவர் நினைத்தார்.

பெரியண்ணன்தான் முதலில் அசைந்தார். பென்னாகரம் பக்கத்துக்காரர், ஆடு வளர்க்கிறவர், எழுபத்தொரு வயது. அந்தப் பக்கம் திரும்பி வேட்டியைத் தளர்த்தி, பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் ரேஷன் கார்டு, நூறுநாள் வேலை அட்டை, கடைசியில் ஓட்டர் கார்டு.

“அழுவாதீங்க சார். எங்கிட்ட இருக்குதுங்க.”

“அப்ப என்கிட்ட குடுத்தது?”

“அது கலர் ஜெராக்ஸுங்க. பாக்க ஒரிஜினலாட்டமே இருக்கட்டும்னு லேமினேசன் பண்ணிக் குடுத்தேனுங்க.”

“ஏன்யா?”

பெரியண்ணன் சங்கடப்பட்டார். “ரெண்டாயிரத்தி ஆறுல என் நெலத்துப் பத்திரம் ஒரிஜினல உங்க ஆபீசுல குடுத்தேனுங்க. பாத்துட்டுத் தர்றேன்னீங்க.”

“அதுக்கு?”

“இன்னும் பாத்துக்கிட்டு இருக்கீங்களோ என்னமோன்னு நானும் கேக்கலீங்க.”

அதற்குள் லூர்துமேரி ஜெபப் புத்தகத்தின் நடுவிலிருந்து தன் கார்டை எடுத்துவிட்டார். அடுத்து ஒரு சுருக்குப் பை திறந்தது, ஒரு டிபன் கேரியரின் அடித்தட்டு திறந்தது, ஒரு சட்டையின் உள்பக்கத்தில் தைத்த பாக்கெட் பிரிந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு அசல். ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். சாரை ஏமாற்றியது தான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் குற்ற உணர்ச்சியோடு கங்கையில் முழுகி எழுந்திருக்கிறார்கள்.

ஆக, நகலை நகலெடுத்து, அது அசலுடன் சரியாக இருப்பதாக அவர் சான்று வழங்கியிருந்தார். பார்க்காமல்தான். பார்த்துவிட்டுச் சான்று கொடுக்கும் கெட்ட பழக்கம் அவருக்குப் பணியிலேயே இருந்ததில்லை. உபகுழுவின் தீர்மானத்தை முழுமையாக மதித்து, நிஜமான அட்டையை பீரோவில் வைத்த ஒரே பிரஜை சந்திரமோகன். தமிழ்நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான வாக்காளர் அட்டை அவருடையது. அதன் சொந்தக்காரர்கூட அதைத் தொட முடியாது.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா செஞ்சேன் போ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தமிழ்மணி பரபரத்தார். “வூட்டுச் சாவி யாருகிட்ட சார்?”

“இன்னாசிகிட்ட. மேரியம்மா வூட்டுக்காரர்.”

“பீரோவ ஒடைச்சுக் கூரியர் போடச் சொன்னாலும் நாலஞ்சு நாள் ஆவுமே.”

“நீங்க போங்க தம்பி. ஜீப்பு போயிடும்.”

பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராகச் சாவடியைத் தாண்டினார்கள். போகும்போது பெரியண்ணன் அவர் கையைப் பிடித்து, “ஒடம்பப் பாத்துக்கங்க சார்” என்றார். சந்திரமோகன் தலையாட்டினார். அவமானத்துக்கு நடுவே ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. துணைக்குச் சசிகலா இருக்கிறார். கோரக்பூரில் நல்ல லாட்ஜாகப் பார்த்து நாலு நாள் இருந்துவிடலாம். நூற்றெட்டு தாரைக்கு இன்னொரு வருஷம் வந்துகொள்ளலாம்.

“சசி, வா, நாம வேனுக்குப் போவோம்.”

சசிகலா கைப்பையைத் திறந்து ஓட்டர் கார்டை எடுத்தார். ஓரம் தேய்ந்த, பழைய, சந்தேகமே இல்லாத அசல்.

“நீயுமா?” அவர் குரல் கீழே இறங்கிவிட்டது. “அவங்கள உடு. அவங்களுக்கு நான் ஆபீசர். உனக்கு நான் புருஷன். எங்கிட்ட உனக்கென்ன பயம்?”

“கல்யாணமான மறுவருசம் எனக்கு டீச்சர் ட்ரெயினிங் சீட்டு கெடச்சுதே, ஞாபகம் இருக்குதுங்களா?”

ஞாபகம் இருந்தது. ‘சிறு காலதாமதத்தினால் சேர இயலவில்லை’ என்று அவர் மனத்தில் பதிவாகி, முடிந்துபோன கோப்பு அது.

“சர்டிபிகேட் ஒரிஜினலத் தூக்கிக்கிட்டு அலையாத, காணாம போயிடும், நகல் போதும்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, சாவியோட ஆபீஸ் கேம்ப் போயிட்டீங்க. அங்க ஒரிஜினல் கேட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் கெஞ்சிப் பாத்தேன். இதே மாதிரிதான் வரிசைய உட்டு வெளிய வந்து நின்னேன். சீட்டு எனக்குப் பின்னாடி நின்ன பொண்ணுக்குப் போயிடுச்சு. அவ இப்ப ஹெட்மிஸ்ட்ரஸா ரிட்டயர் ஆவப் போறா.”

வாழ்நாள் பழக்கம் சந்திரமோகன் வாயில் வந்து நின்றது.

“இத நீ அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே சசி?”

அதிகாரி கையசைத்துக் கூப்பிட்டார். சசிகலா அட்டையை நீட்டினார். அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னார்.

“சொன்னேங்க. எழுதிக் குடுன்னீங்க. எழுதியும் குடுத்தேன். அதுவும் உங்க பீரோவுலதான் கெடக்குது” என்று சொல்லிவிட்டு, சசிகலா நேபாளத்துக்குள் நடந்து போனார்.