சேறு காணாத டிரக்

சனிக்கிழமை காலையில் ஃபோன் அடித்தாலே ஜெயபிரகாஷுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவன் டிரக்கில் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்திருந்த சமயம் பார்த்து அடித்தது.

“எடுக்காதீங்க,” என்றாள் மனைவி வசந்தாமணி. தலையில் தொப்பி, காலில் புது ஷூ, கையில் புளிசாதப் பை என்று கிளம்பி நின்றவள், கொஞ்சம் யோசித்தாள். “ஆனா எடுக்கலைன்னா ஏதாச்சும் நினைச்சுக்குவாங்க.”

அது என்னவோ வாஸ்தவம்தான். டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் நினைத்துக்கொள்வதற்கு ஆளா பஞ்சம்?

பின்னால் திறந்த தொட்டி வைத்த அந்த பிக்கப் டிரக்கை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும், பாறையில் ஏறும், ஆற்றில் இறங்கும் என்று ஷோரூமில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். அது இதுவரை ஏறியதெல்லாம் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுக்கும் ஹாலின் சரிவுப்பாதைதான். சுமந்தது கொலுப்படி, யாருடையதோ டிரெட்மில், கோயில் அன்னதானத்து அண்டா, பத்து வீட்டுக்குச் சேர்த்து வாங்கும் பொன்னி அரிசி மூட்டை, சோபா, சோபா, மறுபடியும் சோபா. சனிக்கிழமை தவறாமல் யாராவது கூப்பிட்டார்கள். இவனுக்கோ முடியாது என்று சொல்ல வாய் வராது. வாரம் முழுக்க ஆபீஸ் மீட்டிங்கில் ‘நோ ப்ராப்ளம்’ சொல்லியே பழகிப்போன வாய்.

மகள் ஓவியா காலேஜுக்கு ஆஸ்டின் போய்விட்டாள். வீட்டில் இரண்டே பேர். ஊரைத் தாண்டி இரண்டு மணி நேரம் போனால், இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே மேடும் பள்ளமும் சேறுமாக ஒரு பார்க் இருக்கிறது. அங்கே வசந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு மேடு ஏற வேண்டும். அவள் பயந்துபோய் இவன் கையைப் பிடித்துக்கொண்டு ‘அம்மாடியோவ்’ என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இவ்வளவுதான் ஆசை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் இதைவிடக் குறைவாக என்னத்தைக் கேட்டுவிட முடியும்? இந்தச் சனிக்கிழமை, சாயங்காலம் பார்க் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான். எத்தனையோ தடவை கேட்டு, இன்றைக்குத்தான் அவளும் புது ஷூவெல்லாம் போட்டு நிற்கிறாள்.

ஃபோனை எடுத்தான். ஜெயலீலா அக்கா. இரண்டு தெரு தள்ளி இருப்பவர், நாகர்கோவில்காரர்.

“தம்பி, ராத்திரி அடிச்ச காத்துல நம்ம வீட்டு மரம் ரெண்டாப் பிளந்து டிரைவ்வேல கெடக்கு. காரை வெளிய எடுக்க முடியல. நீங்க டிரக் வச்சிருக்கீங்கல்லா?”

ஜெயபிரகாஷ் வசந்தாவின் தொப்பியைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணிந்தான்.

“டிரக் சர்வீஸ்ல இருக்குங்கக்கா.”

“அப்படியா? சரி தம்பி,” என்று வைத்துவிட்டார். இவ்வளவு சுலபமா! இதை இரண்டு வருஷமாக ஏன் செய்யவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அக்காவின் வீட்டுக்காரர் சாந்தகுமார்.

“டிரக் இல்லாட்டா பரவாயில்ல தம்பி. மரம் அறுக்கிற செயின்சா ஒண்ணு புதுசா வாங்கி வச்சிருக்கேன். கூடமாட பிடிக்க ஒரு ஆளுதான் வேணும். நான் நடந்தே உங்க வீட்டுக்கு வந்துட்டிருக்கேன்.”

ஜெயபிரகாஷுக்கு முழி பிதுங்கியது. “ஐயோ, வர்றாராம்! வாசல்ல இவ்ளோ பெரிய டிரக் நிக்குது!”

“கராஜ்ல விடுங்க.”

“ஹைட் இடிக்கும்டீ.”

“அப்ப நஞ்சுண்டன் வீட்ல கொண்டுபோய் நிறுத்திட்டு ஓடி வந்துருங்க.”

“எதுக்கு? ஏறு, அந்தப் பக்கமா அப்படியே போயிடலாம்.”

வசந்தா உச்சுக்கொட்டினாள். “நாம போற வழியில நாலு பேர் பாப்பாங்க. சாயங்காலமே அக்கா காதுக்குப் போயிடும். பாவம், வயசானவங்க. ஒரு மணி நேரம் வெட்டிக் குடுத்துட்டு வாங்க. நான் தொப்பியைக்கூடக் கழட்டாம இப்படியே உக்காந்திருக்கேன்.”

என்ன மனசு இவளுக்கு! ஜெயபிரகாஷ் நெகிழ்ந்துபோனான். டிரக்கைக் கொண்டுபோய் அடுத்த தெருவில், தம்பி மாதிரிப் பழகும் நஞ்சுண்டன் வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியை அவன் கையில் திணித்து, “எதுவும் கேக்காத,” என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்தான். சாந்தகுமார் வாசலில் நின்று வெறும் டிரைவ்வேயை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜாகிங்கா தம்பி? நல்ல பழக்கம்,” என்றார்.

மரம், வசந்தகாலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கொட்டும் அலங்கார மரம். இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். பலமாகக் காற்று அடித்தால் போதும், பிளந்துகொள்ளும். பாதி மரம் கராஜ் கதவை மறித்து, அகலக் கை விரித்துப் படுத்திருந்தது. ஜெயபிரகாஷ் சட்டைக் கையை மடக்கினான்.

“முதல்ல ஆப்பம் சாப்பிடுங்க தம்பி,” என்றார் ஜெயலீலா அக்கா.

“வேண்டாங்கக்கா, சீக்கிரம் முடிச்சிட்டு...”

“சாப்பிடாம மரம் வெட்டினா மயக்கம் வரும்.”

ஆப்பம் சாப்பிட்டு முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு சாந்தகுமார் தன் மகனுடைய பழைய கிரிக்கெட் ஹெல்மெட்டை ஜெயபிரகாஷ் தலையில் மாட்டிவிட்டார். செயின்சா பெரிய சத்தத்தோடு கிளம்பியது. மரத்தின்மேல் வைத்தான். புகை வந்தது. இன்னும் அழுத்தினான். இன்னும் புகை வந்தது. மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு,” என்றார் அக்கா.

“அண்ணே, செயினை யார் மாட்டினது?”

“நான்தான். வீடியோ பாத்து மாட்டினேன்.”

பல்லெல்லாம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. செயினைத் திருப்பி மாட்ட வேண்டும். அதற்கு ஒரு ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் காரில் இருக்கிறது. கார் கராஜுக்குள், கராஜ் கதவு மரத்துக்குப் பின்னால். சாந்தகுமார் வீட்டுக்குள் புகுந்து, சுற்றிப் போய், தேடி எடுத்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வசந்தா ஃபோன் பண்ணினாள். “என்னங்க, ஆச்சா?”

“இப்பத்தான் செயினை மாட்றோம்.”

“அவசரப்படாதீங்க. பார்த்துப் பண்ணுங்க.”

இந்தத் தடவை செயின்சா வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஜெயபிரகாஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நடுவில் பாதி அறுத்திருப்பான், கிளை தன் பாரத்தில் தாழ்ந்து, அறுத்த வாய் மூடிக்கொண்டு, பிளேடை லபக்கென்று கவ்விக்கொண்டது. முன்னால் இழுத்தான், பின்னால் இழுத்தான், காலை ஊன்றி இழுத்தான். ம்ஹும். சாந்தகுமார் இவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இவன் பேண்ட்தான் இறங்கியது.

“ஒரு டிரக் இருந்தா கயிறு கட்டிக் கிளையை இழுத்துரலாம்,” என்று பெருமூச்சு விட்டார் சாந்தகுமார்.

அவர் வாய் மூடவில்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஜெயபிரகாஷின் டிரக், ஜெயபிரகாஷ் இல்லாமல், கம்பீரமாகத் திரும்பி வந்து நின்றது. உள்ளே நஞ்சுண்டன். அவன் பக்கத்தில், வசந்தா உட்கார வேண்டிய சீட்டில், அவன் மனைவி ரோஷினி. கல்யாணமாகி சத்தியமங்கலத்திலிருந்து போன மாதம்தான் ஃபிரிஸ்கோவுக்கு வந்த பெண்.

“வசந்தாக்கா ஃபோன் பண்ணாங்கண்ணா,” என்று குதித்து இறங்கினான் நஞ்சுண்டன். “நீங்க இங்க கஷ்டப்படறீங்க, டிரக்கைக் கொண்டுபோய்க் குடுங்கன்னாங்க.”

“ஸ்தோத்திரம்!” என்றார் ஜெயலீலா அக்கா. பிறகு புருவத்தைச் சுருக்கினார். “சர்வீஸ்ல இருக்குன்னீங்க?”

ஜெயபிரகாஷ் அசடு வழிந்தான். “இவன்தான்... இவன் வீட்லதான் சர்வீஸ். பிரேக் பாத்துக் குடுத்தான்.”

நஞ்சுண்டன் பாங்க் ஒன்றில் டேட்டாபேஸ் பார்க்கிறவன். டயருக்குக் காற்று அடிக்கக்கூட ஆள் தேடுவான்.

“பிரேக்கும் பாப்பீங்களா?” சாந்தகுமார் முகம் மலர்ந்தது. “எங்க கார்லயும் கீச்சுன்னு ஒரு சத்தம் தம்பி. மரத்தை எடுத்தாச்சுன்னா அதையும் பாத்துருங்க.”

நஞ்சுண்டன் ஜெயபிரகாஷைப் பார்த்த பார்வையில் ஜென்மப் பகை இருந்தது.

சரி, ஆனது ஆகட்டும் என்று ஜெயபிரகாஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தான். டிரைவ்வேயில் மரம். அதனால் டிரக்கைப் புல்வெளியில் ஏற்றி நிறுத்தி, கிளையில் கயிறு கட்டி, இரண்டு வருஷமாகத் தொடாத அந்த நான்கு சக்கர பட்டனை அமுக்கினான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெதுவாக ஆக்சிலேட்டரை மிதித்தான். கிளை அசைந்தது, வாய் திறந்தது, செயின்சா விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போது டயருக்கடியில் ஏதோ படக்கென்றது. புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய். ஊற்று மாதிரி தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஃபிரிஸ்கோ மண் அசல் கரிசல். ஈரம் பட்டால் கால் வைத்தவன் செருப்பை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். டிரக் ஒரு பக்கமாக அமிழ்ந்தது.

“வால்வை மூடுங்க! வால்வு எங்க?”

“தெரியலியே தம்பி! வீடு கட்டின பில்டரைத்தான் கேக்கணும்!”

ஜெயபிரகாஷ் பதறிப்போய் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தான். நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுழன்றன. ஷோரூமில் சொன்னது பொய்யில்லை, சேற்றை அள்ளி வீசுவதில் அந்த வண்டியை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைக் கராஜ் கதவு கறுத்தது. சாந்தகுமார் சட்டை கறுத்தது. பிரேக் பார்க்கப் பயந்து டிரக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த நஞ்சுண்டன் தலை முதல் கால் வரை கறுத்தான். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடியோ எடுத்தார்.

வால்வைக் கண்டுபிடித்து மூடியபோது டிரக் வயிறுவரை புதைந்திருந்தது. ஒரே வழிதான் இருந்தது. மரத்தைத் துண்டு துண்டாக அறுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். அறுத்தார்கள். ஒரு துண்டு கொடுத்தால் அதைச் சேறு விழுங்கியது. இன்னொன்று கொடுத்தால் அதையும் விழுங்கியது. நடுவில் அக்கா பிடிவாதமாக மீன்குழம்பு சோறு போட்டார். ஜெயபிரகாஷ் சேற்றுக் கையோடு நின்றுகொண்டே, அழாத குறையாகச் சாப்பிட்டான். குளிருக்கு விறகாக அடுக்கிக்கொள்ளலாம் என்று சாந்தகுமார் ஆசைப்பட்ட பாதி மரமும் அவர் புல்வெளிக்குள்ளேயே இறங்கிய பிறகுதான் டிரக் உறுமிக்கொண்டு ரோட்டில் ஏறியது.

மணி ஆறைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்க் மூடுகிற நேரம்.

ஜெயபிரகாஷ் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். இடுப்பு விட்டுப்போயிருந்தது. காதுக்குள் இன்னும் செயின்சா ஓடியது. வசந்தாவைக் கூப்பிட்டான்.

“இன்னிக்கும் முடியலடி,” என்றான்.

“அடடா. நான் எவ்ளோ ஆசையா இருந்தேன்,” என்றாள் அவள். “பரவாயில்லைங்க. மனசை விட்றாதீங்க. அடுத்த வாரம் கண்டிப்பாப் போலாம். வாங்க, வெந்நீர் போட்டு வைக்கிறேன்.”

ஒரு சுடுசொல் உண்டா? ஒரு முகச்சுளிப்பு உண்டா? நாள் பூராவும் தொப்பியோடு காத்திருந்தவள். ஜெயபிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் யார் கூப்பிட்டாலும், வானமே இடிந்து விழுந்தாலும், இவளைக் கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

ரோஷினி தயங்கித் தயங்கி ஒரு டம்ளர் காபியோடு பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். புது ஊரில் எதையும் தப்பாகச் செய்துவிடக் கூடாதே என்கிற கவலை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“ஏங்கண்ணா, அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டு முறைன்னு வசந்தாக்கா சொல்லியிருக்காங்க; எங்க வீட்ல மரமும் இல்ல, மாத்தறதுக்குச் சோபாவும் இல்ல, அக்காவை நீங்க அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம உங்களைச் சாயங்காலம் வரைக்கும் பிடிச்சு வைக்கிற மாதிரி என்ன வேலைங்கண்ணா குடுக்கறது?”