டால் ஆர்டர்

1986 ஜூலை 20, ஞாயிறு காலை ஏழேகால் மணிக்கு, பதினோரு ஆங்கிலத் தொடர்களை மனப்பாடம் செய்து முடித்தார் உப்பிலி. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய புத்தகம். பதினொன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: லேசில் முடியாத வேலை.

காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டில் 'முடியாது' என்ற சொல்லுக்குத் தடை. சொன்னால் மூன்று நாள் சாத்தமுதில், அதாவது ரசத்தில், உப்பிருக்காது. கேட்டால், "உப்பிலின்னு பேர் வெச்சுண்டு உப்பு கேக்கலாமோ?" என்பாள் மனைவி காஞ்சனா. நூல் மில் குமாஸ்தாவுக்கு நாக்கு செத்தே போயிருந்தது. இனி முடியாததை இங்கிலீஷில் சொல்வது என்று முடிவெடுத்தார்.

ஒன்பது மணிக்கே சோதனை வந்தது. பரணை ஒழிக்கச் சொன்னாள்.

"அது டால் ஆர்டர்."

"டாலா? பருப்பா?"

"பருப்பில்லைடி. தாராளமா செய்யறேன்னு அர்த்தம். மில்லுல பெரியவா அப்படித்தான் சொல்லுவா."

பருப்பு வெந்துவிட்டது. தோட்டின் திருகாணி தொலைந்தது, தேடச் சொன்னாள். வைக்கோல்போரில் ஊசி என்றார், இங்கிலீஷில். அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அது 'அப்ஹில் டாஸ்க்' ஆனது. மூன்று மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை. சாத்தமுதில் உப்பும் குறையவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்டோபரில் மில்லின் மதராஸ் கிளைக்குப் பொறுப்பாளர் தேடினார்கள். உப்பிலி பதினான்கு வருஷம் காத்திருந்த நாற்காலி. ஆண்டாளை விட்டுத் தான் எங்கும் வருவதாக இல்லை என்று காஞ்சனா ஒரே ஒரு தடவை சொன்னாள். ஆர்டர் கைக்கு வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு முடிவெட்டிக்கொண்டு திரும்பினார். பக்கத்து வீட்டு ஸாவித்ரியின் போனுக்கு மேனேஜர் வைகுண்டராஜ் பேசியதாகச் சொன்னாள் காஞ்சனா.

"என்ன கேட்டார்?"

"மதராஸை உங்களால சமாளிக்க முடியுமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான். அவருக்கு அது டால் ஆர்டர் சார்னேன்."

உப்பிலி அப்படியே உட்கார்ந்தார். "அதோட விட்டியா?"

"ஒரு வார்த்தையில நம்புவாரோ மாட்டாரோன்னு அப்ஹில் டாஸ்க்கையும் சேர்த்துச் சொன்னேன்."

"அதுக்கு?"

"எனக்கும் அப்படித்தான் தோணித்துன்னார்."

ஸாவித்ரி வீட்டுக்கு ஓடிப் போன் செய்தார். மதராஸ் வேலையை இன்னொரு குமாஸ்தா பொன்னுராஜுக்குக் கொடுத்தாயிற்று என்றார் மேனேஜர்.

திரும்பி வந்து காஞ்சனாவைப் பார்த்து வாயைத் திறந்தார். அர்த்தம் அதில்லை என்று சொன்னால் பரண், திருகாணி, அருவி மூன்றும் தலையில் விழும்.

"ஏன்னா, தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கே."

1986 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, உப்பிலி பரணை ஒழித்தார். பித்தளை அண்டாவுக்குள் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது. பதினோரு தொடர்களுக்கும் பக்கத்தில் காஞ்சனாவின் கையெழுத்தில் தமிழ் அர்த்தம். முதல் பக்கத்தில் வாங்கிய தேதி: 21-7-86.